ஏழாம் அத்தியாயம்: படியடியில் மட்டும் பச்சை

ஆர்.வி. பார்க் உரிமையாளரிடம் செயற்கைப் புல் விற்க வருகிறவர் முதலில் எடுத்துக் காட்டுவது ஒரு புகைப்படம். வரிசையாக மோட்டார்ஹோம்கள், நடுவே கண்ணுக்கு எட்டிய தூரம் பச்சை. அந்தப் படத்தைப் பார்த்து ஆர்டர் கொடுத்துவிடாதீர்கள். செயற்கைப் புல் நல்ல பொருள்தான். ஆனால் அதை ஆட்கள் கால் வைக்கிற இடத்தில் மட்டும், குறைவாக, சரியாகப் போட வேண்டும். சக்கரம் ஏறும் இடம், நெருப்பு எரியும் இடம், கழிவுநீர் சிந்தும் இடம் மூன்றிலும் போடவே கூடாது. இந்த அத்தியாயம் முழுக்க இதற்கான விளக்கம்தான்.

அரிசோனாவில் மேசா, அப்பாச்சி ஜங்ஷன், யூமா பக்கத்துப் பார்க்குகளை மனத்தில் வைத்து எழுதுகிறேன். அங்கே சீசன் குளிர்காலம். மினசோட்டாவிலும் கனடாவிலும் பனி கொட்டத் தொடங்கியதும் ‘ஸ்னோபேர்ட்ஸ்’ எனப்படும் ஓய்வுபெற்றவர்கள் வண்டியோடு தெற்கே இறங்குகிறார்கள். வசந்தம் வரும்வரை ஒரே தளத்தில் தங்கிவிடுகிறவர்கள் பலர். அந்த மாதங்களில் அவர்களுக்கு அதுதான் வீடு; வண்டிப் படியில் இறங்கிக் கால் வைக்கிற இடம்தான் முற்றம். நாற்காலி போடுவதும், பக்கத்து வண்டிக்காரரோடு காபி குடிப்பதும், செருப்பில் ஒட்டிய மண்ணைத் தட்டுவதும் அங்கேதான். ஒரு ராத்திரி தங்கி விடிகாலையில் கிளம்பிவிடும் நெடுஞ்சாலைப் பார்க்குக்கு இந்தச் செலவே தேவையில்லை. நல்ல ஜல்லித் தளமும் வெளிச்சமும் போதும்.

தண்ணீர்தான் இந்த யோசனையின் ஆரம்பம். பக்கத்து மாநிலமான நெவாடாவின் லாஸ் வேகஸ் பகுதியில் ஒரு சதுர அடி உயிர்ப்புல்லுக்கு ஆண்டுக்கு 73 காலன் தண்ணீர் என்று தெற்கு நெவாடா நீர் ஆணையம் கணக்கிடுகிறது. ஒரு தளத்துக்கு 225 சதுர அடிப் புல் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 16,000 காலனுக்கு மேல், அதாவது சுமார் 62,000 லிட்டர். நூறு தளம் உள்ள பார்க்கில் இது என்ன ஆகும் என்று நீங்களே பெருக்கிப் பார்க்கலாம். 2021-ல் நெவாடா சட்டமன்றம் ஏ.பி. 356 என்ற சட்டத்தை நிறைவேற்றியது. யாரும் பயன்படுத்தாமல் அழகுக்காக மட்டும் வளர்க்கப்படும் புல்லுக்கு, வேகஸ் பள்ளத்தாக்கில் 2027 தொடக்கத்திலிருந்து கொலராடோ ஆற்றுத் தண்ணீர் பாய்ச்சக் கூடாது. தனி வீடுகளுக்கு விலக்கு உண்டு; வணிக வளாகங்களுக்கு இல்லை. அரிசோனாவும் அதே ஆற்றைப் பெரிதும் நம்பியிருக்கும் மாநிலம் என்பதை மறக்க வேண்டாம்.

ஆனால் தண்ணீரை மிச்சம் பிடிக்க வேண்டும் என்றால் முதலில் செய்ய வேண்டியது புல்லை எடுத்துவிட்டுச் சரளையும், பாலோ வெர்டே, மெஸ்கீட் போன்ற பாலைவன மரங்களும் வைப்பது. மரம் நிழல் தரும்; செயற்கைப் புல் தராது. பார்க்கின் நுழைவாயிலில் விரிந்து கிடக்கும் பச்சைக் கம்பளத்தைவிட இரண்டு மெஸ்கீட் மரங்கள் விருந்தினருக்கு அதிகம் பயன்படும். செயற்கைப் புல்லுக்கு ஒதுக்கிய பணத்தில் பாதியை மரத்துக்கு மாற்றுங்கள் என்று என்னைக் கேட்கிற ஒவ்வொருவரிடமும் சொல்லிவருகிறேன்.

எந்தப் பக்கம், எவ்வளவு அகலம்

அமெரிக்க ஆர்.வி.க்களில் வாசல் பெரும்பாலும் வலப்பக்கம் இருக்கும். வெயிலுக்கு இழுத்துவிடும் துணிக் கூரையும் அதே பக்கம். மின்சாரம், குடிநீர், கழிவுநீர் இணைப்புகள் இடப்பக்கம். ஆகவே புல் போட வேண்டியது வலப்பக்கம் மட்டும்.

இடப்பக்கத்தில் ஒரு துண்டுகூட வேண்டாம். கழிவுநீர்க் குழாயைக் கழற்றும்போது கொஞ்சமாவது சிந்தத்தான் செய்யும். கான்கிரீட்டில் சிந்தினால் கழுவிக் கிருமிநாசினி தெளித்துவிடலாம். புல்லில் சிந்தினால் அது இழைக்குள் இறங்கி, நிரப்பு மணலில் ஊறி, அடியில் உள்ள ஜல்லிவரை போய்விடும். மேலே கழுவுவதால் பயன் இல்லை. அந்தத் துண்டை வெட்டி எடுத்துவிட்டு, மணலையும் அடித்தளத்தையும் மாற்றுவதுதான் வழி.

அகலத்தைத் தீர்மானிக்கும்முன் ரோலின் அளவைக் கேளுங்கள். சந்தையில் பெரும்பாலானவை 15 அடி அகலத்தில் வருகின்றன. அதை நீளவாக்கில் சரிபாதியாக வெட்டினால் ஏழரை அடிப் பட்டை இரண்டு கிடைக்கும். ஏழரை அடிக்கு 30 அடி, ஒரு தளத்துக்கு 225 சதுர அடி: இரண்டு நாற்காலி, ஒரு சின்ன மேசை, நடக்க வழி, எல்லாம் அடங்கிவிடும். முக்கியமாக, ஒட்டு வராது. செயற்கைப் புல்லில் முதலில் கெடுவது ஒட்டுதான். எட்டடி வேண்டும் என்று ஆசைப்பட்டால் ஒவ்வொரு ரோலிலும் ஏழடித் துண்டு மிஞ்சும். அதை எங்கேயாவது ஒட்டுப் போட்டு நுழைக்கத் தோன்றும்.

எல்லாத் தளத்துக்கும் ஒரே அளவு வைத்துக்கொள்வதில் இன்னொரு லாபமும் உண்டு. ஒரு பட்டை பழுதானால் அதே அளவில் வெட்டி வைத்த மாற்றுப் பட்டையை ஒரே காலையில் போட்டுவிடலாம். ஆர்டர் கொடுக்கும்போதே ஒரு ரோல் கூடுதலாக, அதே சாயத் தொகுதியில் வாங்கி, வெயில் படாத கிடங்கில் படுக்கவைத்து வையுங்கள். இரண்டு வருடம் கழித்து அதே பெயரில் வாங்கினாலும் பச்சை ஒத்துப்போகாது.

சக்கரம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வண்டியைப் பின்னோக்கி ஏற்றும் தளங்களில் ஓட்டுநர் இடப்பக்கம் உட்கார்ந்திருப்பார். அவர் கண்ணுக்கு மறைவான பக்கம் வலப்பக்கம். நாம் புல் போட்டிருப்பதும் அங்கேதான். நேராக நுழைந்து நேராக வெளியேறும் தளங்களில் ஆபத்து வேறு: நீளமான டிரெய்லர் திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தில் போகாது, வளைவின் உட்பக்கம் அறுத்துக்கொண்டு போகும். பெரிய மோட்டார்ஹோம் பத்து டன்னுக்கு மேல் இருக்கும். அந்தச் சக்கரம் ஒருமுறை ஏறித் திரும்பினால் கெட்டித்த அடித்தளம் பள்ளமாகிவிடும். ஓர் ஆணி பிடுங்கிக்கொள்ளும். அடுத்த மழையில் அங்கே தண்ணீர் தேங்கும். எனவே கான்கிரீட் தளத்துக்கும் புல்லுக்கும் நடுவே நான்கு அங்குல உயரத்தில் ஒரு கர்ப் கட்டுங்கள். சாலையோரத்தில் குறைந்தது 10 அடி விட்டு உள்ளே தள்ளிப் புல்லைத் தொடங்குங்கள். அந்தப் பத்தடியில் ஜல்லி இருக்கட்டும்.

சக்கர நாற்காலிக்கு ஒதுக்கிய தளத்தில் கணக்கே வேறு. அங்கே தரை உறுதியாக, வழுக்காமல், அசையாமல் இருக்க வேண்டும். அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் கட்டட விதிகள் தரைக் கம்பளத்தின் இழைக்கே அரை அங்குலம்தான் உச்ச உயரம் என்கின்றன. அந்தத் தளங்களில் கான்கிரீட் முற்றத்தோடு நிறுத்திவிடுவதே மரியாதை.

சூடு

விற்பனையாளர் மேலோட்டமாகச் சொல்லிவிட்டுத் தாண்டும் விஷயம் இது. 2002-ல் யூட்டா மாநிலத்தின் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் செயற்கைப் புல் விளையாட்டுத் திடலை அளந்து பார்த்தார்கள். காற்றின் வெப்பம் 37 டிகிரி செல்சியஸ் இருந்த நாளில் புல்லின் மேற்பரப்பு 93 டிகிரி வரை ஏறியது. தண்ணீர் தெளித்ததும் 79-லிருந்து 29-க்கு இறங்கியது. ஐந்தே நிமிடத்தில் 49-க்கு ஏறியது. இருபது நிமிடத்தில் 73. தண்ணீர் தெளித்தால் ஆறிவிடும் என்று யாராவது சொன்னால் இந்த எண்களைக் காட்டுங்கள். அப்படித் தெளித்துக்கொண்டே இருந்தால் தண்ணீரை மிச்சப்படுத்துகிறோம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஜனவரியில் மேசாவில் இது பெரிய தொல்லை இல்லை. சூரியன் தாழ்ந்திருக்கும், காற்று இதமாக இருக்கும், மத்தியானத்தில் புல் இளஞ்சூட்டோடு இருப்பது முதியவர்களுக்குச் சுகம்கூட. ஆனால் உங்கள் பார்க் கோடையிலும் திறந்திருக்கும் என்றால், அல்லது குழந்தைகள் வெறுங்காலோடு ஓடும் நீச்சல் குளத்தோரம் என்றால், நிழல் இல்லாத இடத்தில் செயற்கைப் புல் போடாதீர்கள். வாங்கும்முன் ஒரு துண்டைக் கேட்டு வாங்கி, உங்கள் தளத்திலேயே வெயிலில் போட்டு, மத்தியானம் இரண்டு மணிக்குப் புறங்கையை அதன்மேல் வைத்துப் பாருங்கள். கையை வைத்திருக்க முடியாத தரையில் நாயின் பாதமும் தாங்காது. அகச்சிவப்பு வெப்பமானி வன்பொருள் கடையில் மலிவாகக் கிடைக்கும். ஒன்று வாங்கி அலுவலகத்தில் வைத்திருங்கள்.

சூட்டுக்கு இன்னொரு முகம் கண்ணாடி. வெப்பத்தைத் திருப்பி அனுப்பும் பூச்சு உள்ள இரட்டைக் கண்ணாடிச் சன்னல்கள், அழுத்த வேறுபாட்டால் லேசாக உட்குழிந்து, சூரிய ஒளியைக் குவித்துத் தரையில் அடிக்கும். பாலிஎத்திலீன் இழை 110 டிகிரியை ஒட்டி உருகத் தொடங்கும். அதற்கு முன்பே இளகிச் சுருண்டுவிடும். பார்க்கின் கிளப்ஹவுஸ் சுவரோரம் மட்டும் புல் கோடுகோடாகக் கருகியிருந்தால் காரணம் இதுதான். சன்னலுக்கு வெளிப்புறம் வலைத்திரை போட்டால் தீர்ந்துவிடும். பல நிறுவனங்களின் உத்தரவாதப் பத்திரத்தில் இந்தப் பிரதிபலிப்புச் சேதத்துக்கு ஈடு கிடையாது என்று சிறிய எழுத்தில் இருக்கும்.

நெருப்பைப் பற்றி அதிகம் விளக்கத் தேவையில்லை. கரிஅடுப்பிலிருந்து ஒரு பொறி விழுந்தால் ஒரு ஓட்டை. கிரில் வைக்க நான்கடிக்கு நான்கடி சிமெண்ட் பலகைச் சதுரம் ஒன்றைப் புல்லுக்கு வெளியே போட்டுக் கொடுங்கள். இடம் காட்டாமல் ‘இங்கே சமைக்கக் கூடாது’ என்று பலகை மட்டும் வைத்தால் யாரும் கேட்க மாட்டார்கள். விறகு எரிக்கும் குழியைச் சரளைத் தரையில், புல்லிலிருந்து பத்தடிக்குக் குறையாமல் தள்ளி வையுங்கள். உள்ளூர்த் தீயணைப்பு விதி இன்னும் அதிகம் கேட்டால் அதுவே கணக்கு. வாங்கும் புல் ஏ.எஸ்.டி.எம். டி2859 தீப்பரவல் சோதனையில் தேறியதா என்று எழுத்தில் கேளுங்கள்.

தோண்டும்முன், தோண்டியபின்

அமெரிக்காவில் மண்வெட்டியை எடுக்கும்முன் 811 என்ற எண்ணுக்கு அழைக்க வேண்டும். நிலத்தடிக் குழாய், கம்பிகளை இலவசமாகக் குறித்துக் கொடுப்பார்கள். ஆனால் பொது நிறுவனத்தின் மீட்டர் வரைதான் குறிப்பார்கள். மீட்டரைத் தாண்டி ஒவ்வொரு தளத்துக்கும் ஓடும் இணைப்புகள் பார்க்கின் சொந்தச் சொத்து. அவற்றை யாரும் குறித்துத் தர மாட்டார்கள். தனியார் கண்டறியும் ஆளை வரவழைக்க வேண்டும். பழைய பார்க்குகளில் குடிநீர்க் குழாய் ஆழமில்லாமல் ஓடும். புல்லைப் பிடிக்க அடிக்கும் ஆறு அங்குல ஆணி அதற்கு எட்டிவிடும்.

மண்ணைச் சுமார் நான்கு அங்குலம் எடுத்துவிட்டு, கிரஷர் தூள் கலந்த ஜல்லியை இரண்டு அடுக்காகப் பரப்பி, ஒவ்வோர் அடுக்கையும் லேசாக நனைத்து, தட்டுக் கம்பாக்டரால் இறுக்க வேண்டும். அதன்மேல் நடந்தால் செருப்புத் தடம் விழக் கூடாது. அதுவே நம்பகமான சோதனை. சாய்வு நூறடிக்கு ஓரடி முதல் இரண்டடி வரை, வண்டியிலிருந்து விலகி. தெற்கு அரிசோனாவில் மண்ணுக்கு அடியில் கலீச்சி என்ற சுண்ணாம்புப் பாறைப் படலம் இருக்கும். தண்ணீர் அதில் இறங்காது. ஜூலைக்கு மேல் பருவமழை திடீரென்று கொட்டும்போது நீர் பக்கவாட்டில் ஓடிப்போக வழி செய்திருந்தால்தான் புல் மிதக்காமல் இருக்கும். ஆழத்தில் படலம் தட்டுப்பட்டால் ஓரத்தில் ஓர் ஆழமற்ற சரளை வாய்க்கால் வெட்டுங்கள்.

புல்லின் இழை உயரம் ஒரு அங்குலம் முதல் ஒன்றேகால் போதும். இரண்டு அங்குல இழை கடையில் அழகாக நிமிர்ந்து நிற்கும். நாற்காலிக் கால் பட்டு ஒரு சீசனில் படுத்துவிடும். உயரத்தைவிட அடர்த்தி முக்கியம். ரோலை விரித்ததும் வெட்டாமல் ஓரிரு மணி நேரம் வெயிலில் கிடக்க விடுங்கள், சுருக்கம் நீங்கும். இழை சாயும் திசை எல்லாத் தளங்களிலும் ஒன்றாக இருக்கட்டும். இல்லையென்றால் பக்கத்துப் பக்கத்துப் பட்டைகள் இரு வேறு பச்சையாகத் தெரியும். ஓரத்தில் ஆறு அங்குலத்துக்கு ஓர் ஆணி, நடுவில் இரண்டடிக்கு ஒன்று. அடிக்கும்போது இழைகளை விரலால் விலக்கி, ஆணித்தலை பின்துணியில் மட்டும் உட்காரும்படி அடிக்க வேண்டும். இழை ஆணிக்கடியில் மாட்டிக்கொண்டால் அந்த இடம் சுழி விழுந்த தலைமுடி மாதிரி எப்போதும் பள்ளமாகத் தெரியும். இந்தப் பொறுமை உள்ள ஆளைத்தான் வேலைக்கு வையுங்கள். கூலி கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை.

நிரப்புக்கு உருண்டை மணிகளான சிலிக்கா மணல். பழைய டயரை அரைத்த ரப்பர் துகள் வேண்டாம். அது சூட்டை ஏற்றும், வாடை அடிக்கும், செருப்பில் ஒட்டி வண்டிக்குள் போகும், மழையில் வாய்க்காலுக்குப் போகும். நுண்பிளாஸ்டிக் காரணமாக இத்தகைய செயற்கைத் துகள் நிரப்பை விளையாட்டுத் திடல்களுக்கு விற்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் தடைசெய்தது. தடை 2031 அக்டோபரில் நடைமுறைக்கு வருகிறது. விலை குறைவு என்று யாராவது தள்ளிவிடப் பார்த்தால் இது காரணமாக இருக்கலாம். பின்துணியிலும் இழையிலும் பிஃபாஸ் வேதிப்பொருள், ஈயம் இரண்டும் இல்லை என்பதற்கான ஆய்வுச் சான்றையும் கேட்டு வாங்குங்கள். 2008-ல் நியூ ஜெர்சியில் பழைய நைலான் திடல்களில் ஈயம் கண்டுபிடிக்கப்பட்டதிலிருந்து இந்தக் கேள்வி சாதாரணமாகிவிட்டது. நல்ல வியாபாரி முகம் சுளிக்க மாட்டார்.

நாய்கள்

உங்கள் பார்க்கில் செயற்கைப் புல்லுக்கு உண்மையான சோதனை நாய் மைதானம். ஆர்.வி. பயணிகளில் நாயோடு வருகிறவர்கள் ஏராளம். தடுக்கவும் முடியாது, தடுக்கவும் கூடாது. பல மாதம் மழையே பெய்யாத ஊரில் சிறுநீர் காய்ந்து உப்பாகப் படிந்து, அமோனியா வாடை மத்தியானச் சூட்டில் கிளம்பும். இங்கே அடித்தளத்தில் கிரஷர் தூள் சேர்க்காதீர்கள்; தூள் ஈரத்தைப் பிடித்துவைக்கும். தூளில்லாத முக்கால் அங்குல உடைகல் மட்டும் போடுங்கள். பின்துணி சில அங்குலத்துக்கு ஒரு துளை உள்ள வகையாக இல்லாமல் முழுவதும் நீர் கசியும் வகையாக இருக்கட்டும். மணலோடு சியோலைட் என்ற கனிமத்தைக் கலந்தால் அது அமோனியத்தைப் பிடித்துவைக்கும். ஆனால் அதற்கும் ஒரு கொள்ளளவு உண்டு. கழுவாமல் விட்டால் நிறைந்துபோகும். சீசனில் தினமும் காலையில் குழாய்த் தண்ணீர், வாரம் ஒருமுறை நொதித் திரவம். சாதாரணப் பிளீச்சிங் திரவத்தை ஊற்றாதீர்கள். குளோரின் அமோனியாவோடு சேர்ந்தால் நச்சு வாயு வரும்.

இவ்வளவு பராமரிப்புக்கு ஆள் இல்லையென்றால் நாய் மைதானத்தில் செயற்கைப் புல் போடாமல், மணலும் மரச்சீவலும் போட்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுவது எவ்வளவோ மேல். நான் பார்த்தவரை, வாடை அடிக்கும் நாய் மைதானத்தைப் போல ஒரு பார்க்கின் பெயரைக் கெடுப்பது வேறொன்றுமில்லை.

பாலைவனத்துக்கு வெளியே இருப்பவர்களுக்குச் சுருக்கமாக: புளோரிடாவில் மழை அதிகம், வடிகால்தான் எல்லாம், நிழலில் பூஞ்சை வரும். ஓரிகன், வாஷிங்டன் மாநிலங்களில் ஃபிர் மர ஊசிகளும் பாசியும் இழைக்குள் அடைத்துக்கொள்ளும். ஊதுகருவியைக் குறைந்த வேகத்தில் வாரம் ஒருமுறை ஓட்ட வேண்டும். பனி விழும் இடங்களில் இரும்பு மண்வெட்டியால் சுரண்டக் கூடாது, தானாக உருகட்டும். கூடாரம் அடிக்கும் முகாம்களுக்கு இது பொருந்தவே பொருந்தாது. முளைக்குச்சி அடித்தால் பின்துணி கிழியும். அங்கே மண்ணும் சருகும்தான் தரை. காட்டுக்கு வருகிறவர்கள் அதற்காகத்தான் வருகிறார்கள்.

விருந்தினருக்குச் சொல்ல வேண்டியவை

பதிவு செய்யும்போது கொடுக்கும் தாளில் நாலே வரி போதும்: சக்கரமும் ஜாக்கும் புல்லில் வேண்டாம், அடுப்பு சிமெண்ட் சதுரத்தில், முளைக்குச்சி அடிக்க வேண்டாம், துணிக் கூரையைக் கட்ட கர்ப்பில் வளையம் இருக்கிறது, எண்ணெயோ உணவோ சிந்தினால் உடனே அலுவலகத்துக்குச் சொல்லுங்கள், அபராதம் இல்லை. அந்தக் கடைசி வரியை அவசியம் எழுதுங்கள். அபராதம் என்றால் மறைப்பார்கள்; கறை ஊறியபின் எடுக்க முடியாது. கர்ப்பில் நான்கு வளையத்தை முன்கூட்டியே பதித்துவிடுங்கள், இல்லையென்றால் காற்றடிக்கிற முதல் நாளே ஆணி அடிக்கத்தான் செய்வார்கள்.

ஒரு தளம் காலியானதும் நீண்டநாள் விருந்தினர் நாற்காலி போட்ட இடத்தில் இழை படுத்திருக்கும். நைலான் முள் உள்ள தள்ளு துடைப்பத்தால் சாய்வுக்கு எதிர்த்திசையில் தேய்த்தால் எழுந்துவிடும். கோடையில் ஹபூப் எனப்படும் புழுதிப் புயல் வீசிவிட்டுப் போனபின் இழைக்கடியில் மாவு போல் தூசி படியும். ஊதுகருவி முதலில், தண்ணீர் பிறகு. வரிசை மாறினால் சேறாகும். காலியாக இருக்கும் கோடை மாதங்களில் பட்டைமேல் நிழல்வலை விரித்து வைத்தால் புற ஊதாக் கதிரின் தாக்கம் குறையும், ஆயுள் கூடும்.

உத்தரவாதப் பத்திரத்தில் பாருங்கள், வீட்டு உபயோகத்துக்கா வணிக உபயோகத்துக்கா என்று. வீட்டுக்குப் பதினைந்து வருடம் தரும் அதே பொருளுக்கு வணிக இடத்தில் பாதிதான் தருவார்கள், சிலர் எதுவுமே தர மாட்டார்கள். அந்த வருடங்கள் முடிந்தபின் பழைய புல் எங்கே போகும் என்பதையும் இப்போதே ஒப்பந்தத்தில் எழுதுங்கள். பின்துணி, பசை, இழை மூன்றும் வெவ்வேறு பிளாஸ்டிக்; மணலும் கலந்திருக்கும்; மறுசுழற்சிக்கு எடுத்துக்கொள்ளும் ஆலைகள் மிகக் குறைவு. கழற்றிய பட்டையில் நல்லாயிருக்கும் துண்டுகளைப் படிக்குக் கீழே போடும் மிதியடியாக வெட்டி வைக்கலாம். மிச்சத்தைப் போட்டவரே திரும்ப எடுத்துச்சென்று, எங்கே கொண்டுபோய்ச் சேர்த்தார் என்ற ரசீதை உங்களிடம் தர வேண்டும் என்று ஒரு வரி. விலை பேசும்போதே அதைக் கேளுங்கள்; கையெழுத்துப் போட்டபிறகு கேட்டால் அதற்குத் தனிக் கட்டணம் வாங்குவார்கள்.